குரங்கம்மை: கடைசிப் பொருக்கு உதிரும் வரை

உடம்பில் நாலு கொப்புளம் கிளம்பினால் போதும், ‘அம்மை போட்டிருக்கு’ என்று சொல்லி வாசலில் வேப்பிலையைச் செருகிவிடுவது நம் வீடுகளின் வழக்கம். பெரும்பாலும் அது சின்னம்மையாகத்தான் இருக்கும். பத்து நாளில் முத்து வாடிவிடும், தலைக்குத் தண்ணீர் விட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிடுவார்கள். ஆனால் கொப்புளத்தோடு வரும் நோய்களின் வரிசையில் இப்போது குரங்கம்மையும் சேர்ந்திருக்கிறது. சின்னம்மைக்குப் பழகிய கணக்கை இதற்கும் போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

சின்னம்மையில் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டால் தொற்றும் காலம் முடிந்துவிடும். குரங்கம்மையில் அந்தப் பொருக்கிலேயே உயிருள்ள வைரஸ் இருக்கும். கடைசிப் பொருக்கும் உதிர்ந்து, அடியில் புதுத்தோல் மூடிய பிறகுதான் நோயாளியிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. இந்த அத்தியாயத்தில் வேறு எது மறந்துபோனாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

நோய் வந்த வழி

குரங்கம்மை வைரஸ் 1958இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில், ஆய்வுக்காகக் கொண்டுவரப்பட்ட குரங்குகளிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பெயர் அப்படி வந்ததே தவிர, இந்த நோய்க்குக் குரங்கு தாயகமில்லை. ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் அணில், எலி போன்ற கொறி விலங்குகளே வைரஸைச் சுமப்பவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆகவே கோயிலிலும் மலைப்பாதையிலும் காணும் குரங்குகளைப் பார்த்து இந்த நோய்க்காகப் பயப்படவோ, அவற்றைத் துன்புறுத்தவோ காரணம் எதுவும் இல்லை.

மனிதரிடம் இது முதலில் உறுதியானது 1970இல், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில், ஒரு கைக்குழந்தைக்கு. பெரியம்மை வைரஸும் இதுவும் ஒரே குடும்பம். பெரியம்மைக்குப் போட்ட தடுப்பூசி இதையும் ஓரளவு தடுத்துவந்தது. 1980இல் பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தியாவில் அதற்குச் சற்று முன்பே அந்தத் தடுப்பூசி நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் பிறகு பிறந்த தலைமுறைகளுக்கு அந்தக் கவசம் இல்லை.

வைரஸில் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. மத்திய ஆப்பிரிக்காவில் காணப்பட்ட முதல் கிளை கடுமையானது. மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்பட்ட இரண்டாம் கிளை சற்று மிதமானது. 2022இல் இரண்டாம் கிளையின் ஒரு பிரிவு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவியது. அந்த அலையில் இறந்தவர்கள் நோய் கண்டவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேர் அளவில்தான். அந்த ஆண்டு ஜூலை 14 அன்று, ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து கேரளத்தின் கொல்லத்துக்குத் திரும்பிய ஒருவருக்கு இந்தியாவின் முதல் நோய்த்தொற்று உறுதியானது. அதே மாத இறுதியில் கேரளத்தில் ஓர் இளைஞர் இந்த நோயால் இறந்தார்.

2023இல் கிழக்குக் காங்கோவில் கமிதுகா என்ற தங்கச் சுரங்க நகரில் முதல் கிளையின் புதிய பிரிவு ஒன்று தெரியவந்தது. அது மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதாகப் பரவி, பக்கத்து நாடுகளுக்கும் போனது. 2024 ஆகஸ்ட் 14 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்த நோய்க்காக இரண்டாவது முறையாகப் பன்னாட்டுப் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. அடுத்த மாதமே அந்தப் புதிய பிரிவு, அமீரகத்திலிருந்து மலப்புரம் வந்த ஒருவரிடம் கண்டறியப்பட்டது. 2025 செப்டம்பரில் அவசரநிலை விலக்கிக்கொள்ளப்பட்டது, நோய் விலகவில்லை.

எப்படித் தொற்றும்?

நெருக்கமான, தொடர்ந்த தொடுதலே இதன் முக்கிய வழி.

- கொப்புளம், புண், பொருக்கு ஆகியவற்றைத் தோலாலோ வாயாலோ தொடுவது. உடலுறவும் முத்தமும் இதில் அடங்கும். கொப்புளம் பிறப்புறுப்பிலோ ஆசனவாயிலோ வாய்க்குள்ளோ இருந்தால் வெளியே தெரியாமலேயே தொற்றிவிடும்.
- முகத்துக்கு நேர் முகமாக, வெகுநேரம் அருகில் இருந்து பேசுவது, தூங்குவது, பராமரிப்பது.
- நோயாளி பயன்படுத்திய படுக்கை விரிப்பு, போர்வை, துண்டு, உள்ளாடை, சவரக்கத்தி.
- கருவுற்ற தாயிடமிருந்து கருவிலுள்ள குழந்தைக்கு.
- நோயுள்ள விலங்கு கடிப்பது, பிராண்டுவது; அதை வேட்டையாடி உரிப்பது; சரியாக வேகாத இறைச்சியை உண்பது.

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனதாலோ, கடையில் சில்லறை வாங்கியதாலோ, தெருவில் கடந்து போனதாலோ தொற்றியிருக்கும் என்று அஞ்சத் தேவையில்லை. கொரோனாவைப் போலக் காற்றில் வேகமாகப் பரவும் நோயில்லை இது. ஒரே பாய், ஒரே துண்டு, ஒரே போர்வை என்று வாழும் வீடுகளிலும் விடுதிகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும்தான் கவனம் வேண்டும்.

யாருக்கு அதிக ஆபத்து?

பெரும்பாலோருக்கு இது இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகக் குணமாகிவிடும். சிலருக்குக் கடுமையாகலாம்: சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், எச்.ஐ.வி. தொற்று இருந்தும் சிகிச்சை எடுக்காதவர்கள், புற்றுநோய் மருந்தோ உறுப்பு மாற்றுக்குப் பிந்தைய மருந்தோ எடுப்பதால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், எக்சிமா போன்ற தோல் நோய் உள்ளவர்கள். காங்கோவில் இந்த நோய்க்குப் பலியானவர்களில் பெரும்பகுதி 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

பெரியம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட தாத்தா பாட்டிகளுக்கு ஓரளவு பாதுகாப்பு மிச்சமிருக்கலாம்; முழுப் பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது. இளையவர்கள் பலருடைய இடது மேற்கையில் இருக்கும் தழும்பு காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியுடையது. அதற்கும் குரங்கம்மைக்கும் சம்பந்தமில்லை.

கொப்புளத்தை உற்றுப் பாருங்கள்

வைரஸ் உடலில் புகுந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் அறிகுறி தெரியும். பலருக்கு முதல் இரண்டு வாரத்துக்குள்ளேயே தெரிந்துவிடும். காய்ச்சல், தலைவலி, முதுகுவலி, உடல்வலி, அசதி எனத் தொடங்கலாம். கழுத்திலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டும். சிலருக்குக் காய்ச்சலே இல்லாமல் நேராகக் கொப்புளம் வரும்.

முதலில் தோல் தட்டையாகச் சிவக்கும் அல்லது கருக்கும். பிறகு அது மேடாகும். மேட்டில் தெளிந்த நீர் கோக்கும், பின் நீர் மஞ்சளாகிச் சீழ்போல் தெரியும். இந்தக் கட்டத்தில் கையுறை போட்ட விரலால் மெல்லத் தடவினாலே தோலுக்குள் ஆழப் பதிந்த கெட்டியான உருண்டையாகத் தட்டுப்படும். பல கொப்புளங்களின் நடுவில் தொப்புள் போல ஒரு சிறு குழி இருக்கும். அதன் பிறகு காய்ந்து பொருக்குத் தட்டும். பொருக்கு உதிர்ந்த இடத்தில் வெளிறியோ கருத்தோ தழும்பு விழலாம். உள்ளங்கை, உள்ளங்கால், முகம், வாய், பிறப்புறுப்பு, ஆசனவாய் என எங்கும் வரலாம். நூற்றுக்கணக்கில் வருவதும் உண்டு. ஒன்றே ஒன்று, அதுவும் மறைவிடத்தில் வருவதும் உண்டு. அந்த ஒன்று இரண்டைத்தான் ‘சூட்டுக் கொப்புளம்’ என்று பலரும் விட்டுவிடுகிறார்கள்.

சின்னம்மையா, குரங்கம்மையா?

1. சின்னம்மைக் கொப்புளம் மேலாக, மெல்லிசாக இருக்கும், எளிதில் உடையும். குரங்கம்மையில் கெட்டியாக, ஆழமாக இருக்கும்.
2. சின்னம்மை நெஞ்சிலும் முதுகிலும் நிறைய வரும். உள்ளங்கையில் வருவது அரிது. குரங்கம்மை முகத்திலும் கை கால்களிலும் உள்ளங்கை, உள்ளங்காலிலும் அதிகம் தெரியும்.
3. சின்னம்மையில் ஒரே இடத்தில் புதியதும் பழையதும் கலந்து கிடக்கும். குரங்கம்மையில் ஓரிடத்துக் கொப்புளங்கள் பெரும்பாலும் ஒரே கட்டத்தில் இருக்கும்.
4. நெறி கட்டுவது குரங்கம்மையில் சகஜம், சின்னம்மையில் குறைவு.

இந்த நான்கும் சந்தேகப்படுவதற்கு உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது. 2022 முதல் வந்த நோயாளிகள் பலரிடம் இந்த இலக்கணம் மீறப்பட்டிருக்கிறது. அக்கி, சிபிலிஸ், ஹெர்பிஸ், சிரங்கு, குழந்தைகளுக்கு வரும் கை-கால்-வாய் நோய் ஆகியவையும் ஏறத்தாழ இதே தோற்றம் காட்டும். கொப்புளத்தின் நீரையோ பொருக்கையோ எடுத்துச் செய்யும் பி.சி.ஆர். பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும்.

சந்தேகம் வந்த நாளில்

உடனே தனியாக இருங்கள். கொப்புளங்களைச் சுத்தமான பருத்தித் துணியாலோ முழுக்கை உடையாலோ மூடி, முகக்கவசம் போட்டுக்கொண்டு மருத்துவமனை செல்லுங்கள். புறப்படும் முன் தொலைபேசியில் சொல்லிவிட்டால், கூட்டத்தில் காக்கவைக்காமல் தனி இடத்தில் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணில் சுகாதார ஆலோசனை கிடைக்கும்.

மருத்துவரிடம் மூன்று விஷயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும்: கடந்த 21 நாளில் எங்கெல்லாம் போனீர்கள், கொப்புளம் உள்ள யாரோடாவது பழகினீர்களா, புதிதாக யாரோடாவது உடலுறவு இருந்ததா. மூன்றாவதைச் சொல்லத் தயக்கம் வரும். அதைச் சொல்லாவிட்டால் மருத்துவர் வேறு நோய் என்று நினைத்து வேறு மருந்து கொடுக்க நேரும். அதற்குள் இன்னும் சிலருக்குத் தொற்றிவிடும்.

வீட்டில் பராமரிப்பு

நோய் மிதமாக இருந்து, மருத்துவரும் சம்மதித்தால் வீட்டிலேயே தனிமைப்படுத்தலாம். காற்றோட்டமான ஓர் அறை, அவருக்கென்று தனிப் பாய், தலையணை, தட்டு, தம்ளர், துண்டு. தனிக் கழிவறை இல்லையென்றால், அவர் பயன்படுத்திய பிறகு கைபட்ட இடங்களைக் கிருமிநாசினியால் துடைக்க வேண்டும். பராமரிக்க ஒருவர் போதும். அவர் கர்ப்பிணியாகவோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவராகவோ இருக்கக் கூடாது. இருவரும் முகக்கவசம் அணியட்டும். புண்ணைத் தொடும்போது கையுறை கட்டாயம். நாய், பூனை, ஆடு மாடுகளை நோயாளி அருகே விட வேண்டாம். தாய்க்கு நோய் என்றால், பாலூட்டுவதைப் பற்றி மருத்துவரே முடிவு சொல்லட்டும்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. வாய்ப்புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கலாம். ஆசனவாயில் வலி இருந்தால் வெந்நீர் நிரப்பிய அகலமான தொட்டியில் உட்கார்ந்தால் இதமாக இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கொப்புளத்தைக் கிள்ளக் கூடாது, அது இருக்கும் இடத்தில் சவரம் செய்யக் கூடாது. சொறிந்த கையால் கண்ணைத் தொட்டால் பார்வைக்கே ஆபத்து வரலாம்.

துணி விஷயத்தில்தான் பல வீடுகள் கோட்டை விடுகின்றன. விரிப்பை உதறக் கூடாது; உதறினால் பொருக்குத் துகள் அறை முழுக்கப் பறக்கும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, நான்கு மூலையையும் உள்பக்கமாக மடித்துச் சுருட்டி, உடம்பில் படாமல் நேராக வாளியில் போடுங்கள். கொதிக்கவைத்த தண்ணீரில் சோப்புத்தூள் கலந்து ஊறவைத்து, மற்றவர் துணியோடு சேர்க்காமல் துவையுங்கள். வெயிலில் நன்றாகக் காயட்டும். நோய் குணமாகும் வரை அந்தத் துணியைச் சலவைக்கோ இஸ்திரிக் கடைக்கோ அனுப்ப வேண்டாம்.

தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்தால் தரைக்கும் கதவுப்பிடிக்கும் ஏற்ற கிருமிநாசினி தயார். அதோடு ஆசிட்டையோ கழிவறை கழுவும் திரவத்தையோ கலக்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். உதிர்ந்த பொருக்கைப் பையில் கட்டி மூடிய குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

வேப்பிலையும் தண்ணீர் விடுதலும்

அம்மை கண்ட வீட்டுக்கு வெளியார் வராமல் இருப்பதும், நோயாளியைத் தனியே படுக்கவைப்பதும், குளிர்ச்சியான ஆகாரம் கொடுப்பதும் நம் முன்னோர் சேர்த்துவைத்த நல்ல பழக்கங்கள். அவற்றை அப்படியே கடைப்பிடியுங்கள். வாசலில் வேப்பிலை தொங்கினால் தொங்கட்டும். வருகிறவர்களைத் தள்ளி நிறுத்த அது உதவும். ஆனால் வேப்பிலைக் கொத்தால் அரிப்பைத் தேய்ப்பதும், உடைந்த கொப்புளத்தின் மேல் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவதும் வேண்டாம். புண்ணில் வேறு கிருமி சேர்ந்து சீழ் பிடிக்கும். ‘அம்மைக்கு மருந்து கொடுக்கக் கூடாது, குளிக்கக் கூடாது’ என்பதையும் விட்டுவிடுங்கள். சோப்பும் தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவித் துணியால் ஒற்றியெடுப்பது புண் ஆற உதவும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தண்ணீர் விடும் நாள். ஏழாம் நாளோ ஒன்பதாம் நாளோ தலைக்குத் தண்ணீர் விட்டதும் நோயாளி குடும்பத்தோடு கலந்துவிடுவார், உறவினர் பார்க்க வருவார்கள், பேரக்குழந்தை மடியில் ஏறும். குரங்கம்மையில் அந்த நாளில் கொப்புளம் இன்னும் சீழ் நிலையிலேயே இருக்கலாம். நாட்களை எண்ணாதீர்கள், உடம்பைப் பாருங்கள். தலைமுடிக்குள், விரலிடுக்கில், மறைவிடத்தில் ஒரு பொருக்குகூட மிச்சமில்லை என்றான பிறகு, மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் விடலாம். சடங்கு கொஞ்சம் தள்ளிப்போனால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

குணமான பிறகும் முன்னெச்சரிக்கையாக 12 வாரத்துக்கு உடலுறவில் ஆணுறை பயன்படுத்தும்படி உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

உடனே மருத்துவமனைக்கு

- கண் சிவப்பது, வலிப்பது, பார்வை மங்குவது
- மூச்சுத்திணறல், நெஞ்சுவலி
- குழப்பமான பேச்சு, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம்
- தண்ணீர்கூட விழுங்க முடியாமை, சிறுநீர் குறைவது
- புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்குவது, துர்நாற்றம், தணிந்த காய்ச்சல் திரும்பி வருவது
- மலம் கழிக்கையில் தாங்க முடியாத வலி, இரத்தம்

கர்ப்பிணிக்கோ கைக்குழந்தைக்கோ நோய் என்றால் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் நாளே போங்கள்.

தடுப்பூசியும் மருந்தும்

உலக அளவில் அதிகம் பயன்படுவது எம்.வி.ஏ.-பி.என். என்ற தடுப்பூசி. நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. நோயாளியோடு பழகியவருக்கு, பழகிய நான்கு நாளுக்குள் போட்டால் நோயையே தடுக்க வாய்ப்புண்டு. ஜப்பானின் எல்.சி.16 என்ற தடுப்பூசியும் உள்ளது. இந்தியாவில் பொதுமக்களுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இவை இல்லை. ஆபத்துள்ள நாட்டில் வேலைக்குப் போகிறவர்கள் அங்கே கிடைத்தால் தவறவிட வேண்டாம்.

டெக்கோவிரிமாட் என்ற மருந்தின் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. காங்கோவில் நடந்த ஆய்வில் அது கொப்புளம் ஆறுவதை விரைவுபடுத்தவில்லை. ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்து மருத்துவமனையில் கவனிக்கப்பட்டவர்களிடம், மருந்து எடுத்தவர், எடுக்காதவர் இரு சாராரிடமும், இறப்பு அந்நாட்டின் பொது அளவைவிடக் குறைவாக இருந்தது. நல்ல உணவு, நீர்ச்சத்து, புண்பராமரிப்பு, உடனடிக் கவனிப்பு ஆகியவைதான் இன்று கையிலிருக்கும் சிறந்த சிகிச்சை.

வெளிநாடு போகிறவர்களுக்கு

வளைகுடாவிலோ ஆப்பிரிக்காவிலோ அறையைப் பகிர்ந்து தங்குகிறவர்கள் துண்டையும் சவரக்கத்தியையும் போர்வையையும் பகிராதீர்கள். ஆப்பிரிக்கக் காட்டு விலங்குகளின் இறைச்சியைத் தவிருங்கள். நோய் பரவும் இடத்திலிருந்து ஊர் திரும்பினால் 21 நாளைக்கு உடம்பைக் கவனித்துவாருங்கள். நோயாளியோடு நெருங்கிப் பழகியவர்கள் அந்த 21 நாளில் காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்க வேண்டும். இரத்ததானம் செய்யக் கூடாது.

அயல்நாட்டு விலங்குகளை ஆசைக்கு வளர்ப்பதிலும் ஆபத்து உண்டு. 2003இல் கானாவிலிருந்து அமெரிக்காவுக்கு இறக்குமதியான கொறி விலங்குகள், விற்பனைக்கிருந்த பிரெய்ரி நாய் என்ற சிறு விலங்குகளுக்குத் தொற்றைக் கொடுத்தன. அவற்றை வாங்கி வளர்த்த வீடுகளில் பலர் நோயுற்றார்கள்.

பழி சொல்லாதீர்கள்

2022 அலையில் நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள். கமிதுகாவில் ஆண்-பெண் உறவின் வழியாகவும், பிறகு வீட்டுக்குள் தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவியது. வைரஸ் யாருடைய ஒழுக்கத்தையும் பார்த்துத் தொற்றுவதில்லை. தோலோடு தோல் பட்டால் போதும். நோயாளியை ஏசினால் அடுத்தவர் கொப்புளத்தை மறைப்பார், மறைத்த கொப்புளம் இன்னும் நாலு பேருக்குப் போகும். சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. தொற்று இந்த நோயைக் கடுமையாக்கலாம் என்பதால், தங்கள் எச்.ஐ.வி. நிலை தெரியாதவர்கள் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்; ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவர்கள் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம்.

உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கொப்புளம் வந்தால் முதலில் அவரிடம் அன்பாகப் பேசுங்கள், பிறகு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவரைத் தனி அறையில் வையுங்கள், தனிமையில் விட்டுவிடாதீர்கள். வேளைக்குச் சாப்பாடு கொடுத்து, வாசலில் நின்றாவது நாலு வார்த்தை பேசி, கடைசிப் பொருக்கு உதிரும் வரை பொறுத்திருங்கள். இரண்டு முதல் நான்கு வாரப் பொறுமையில் உங்கள் குடும்பம் முழுவதையும் காப்பாற்றிவிடலாம்.